கடலில்லாத ஊரிலிருந்து புயலைப் படிக்கலாமா?

கேள்வி: நான் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், உயிரியல் பிரிவில் படிக்கிறேன். கஜா புயல் அடித்த அன்று வத்தலக்குண்டில் அம்மாச்சி வீட்டில் இருந்தேன். எங்கோ வேதாரண்யத்தில் கரையேறிய புயல் அங்கே வந்து வாழைத்தோட்டத்தை அப்படியே படுக்க வைத்துவிட்டுப் போனதை மறக்க முடியவில்லை. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கடற்புயல்களை ஆராயும் விஞ்ஞானியாக வேண்டும் என்பது என் ஆசை. "மதுரைக்காரப் பிள்ளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? ராத்திரி வேலை வேறு. இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணித்துவிடுகிறது. பேசாமல் நர்சிங் படி" என்கிறார் என் மாமா. நான் என்ன படிக்க வேண்டும்? இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நான் சோழவந்தானில் வளர்ந்தவள். உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு வங்கக் கடலின் புயல்களைப் படித்துவருகிறேன். ஆகவே உங்கள் மாமாவின் முதல் கேள்விக்கு என் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்லிவிட முடியும். ஆனால் அதைவிட முக்கியமான ஒரு பதிலும் இருக்கிறது. மதுரை மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மழையின் பெரும்பங்கை வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகளும் தாழ்வு மண்டலங்களும் புயல்களுமே கொண்டுவருகின்றன. என் அப்பத்தா சிறுமலைப் பக்கம் மேகம் கறுப்பதைப் பார்த்துவிட்டு வைக்கோல்போரை மூடச் சொல்லும்போது, அவர் கண்ணில் படாத கடலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். மதுரைக்கும் அருகிலுள்ள கடற்கரைக்கும் இடையே நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். இந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

இனி, வேலை எப்படி இருக்கும் என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறைக்கு ஆசையோடு வரும் பலர் ஒரு தவறான எண்ணத்தோடு வருகிறார்கள். செயற்கைக்கோள் புயலைப் பார்க்கிறது, நாம் அதைச் சொல்கிறோம் என்று நினைக்கிறார்கள். செயற்கைக்கோளுக்குக் காற்று தெரியாது. நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டு, ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள், கீழிருந்து வரும் ஒளியையும் வெப்பக் கதிர்வீச்சையும் மட்டுமே அளக்கின்றன. 2016இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இன்சாட்-3டிஎஸ் ஆகிய இரண்டிலும் உள்ள படக்கருவி ஆறு அலைவரிசைகளில் பார்க்கிறது. பகலில் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் மேகங்கள் வெண்மையாகத் தெரியும். இரவில் அகச்சிவப்பு அலைவரிசைதான் துணை. அதில் நமக்குக் கிடைப்பது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்ற எண். மேகம் உயர உயர அதன் உச்சி குளிரும். வலுவான புயலின் மேல்மேகங்கள் பூஜ்யத்துக்குக் கீழே 70, 80 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும். அந்தக் குளிரிலிருந்து, அந்த மேகங்கள் சுருண்டிருக்கும் விதத்திலிருந்து, பதினைந்து கிலோமீட்டர் கீழே கடல்மட்டத்தில் காற்று என்ன வேகத்தில் அடிக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒளியைக் காற்றாக மொழிபெயர்ப்பதுதான் எங்கள் தொழில். மொழிபெயர்ப்பில் எங்கே பிழை நேரும் என்று தெரிந்துவைத்திருப்பது அதில் பாதி வேலை.

அமெரிக்காவில் புயல்களுக்குள் விமானத்தைச் செலுத்தி நேரடியாக அளக்கிறார்கள். வங்கக் கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் ஏற்பாடு இல்லை. கடலில் மிதக்கும் சில மிதவைகளும், தற்செயலாக அந்த வழியே செல்லும் கப்பல்களும், கரைக்கு நெருங்கிய பிறகு ரேடாரும் உதவும். நடுக்கடலில் செயற்கைக்கோளைத்தான் நம்பியாக வேண்டும். அதற்காக உலகெங்கும் கையாளப்படுவது, 1970களில் வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் வகுத்த முறை. மேகக்கூட்டம் மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வளைந்திருக்கிறது, மையம் குளிர்மேகத்துக்குள் எவ்வளவு ஆழமாகப் புதைந்திருக்கிறது, புயலின் நடுவே கண் என்னும் மேகம் குறைந்த வட்டம் உருவாகியிருந்தால் அந்தக் கண்ணின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள மேகவளையத்தின் வெப்பநிலைக்கும் எவ்வளவு வேறுபாடு என்று ஒவ்வொன்றாக அளந்து, ஒன்று முதல் எட்டு வரை அரை அரையாக ஏறும் டி எண் ஒன்றைக் கொடுக்கிறோம். டி 2.5 என்றால் காற்று 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர், அந்த நிலையில் அதற்குப் புயல் என்று பெயர். டி 4.0 என்றால் 65 நாட், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர், அது மிகத் தீவிரப் புயல். ஒரே படத்தைப் பார்த்து அனுபவமுள்ள இருவர் 3.5 என்றும் 4.0 என்றும் சொல்வது சாதாரணமாக நடக்கும். அந்த அரை எண்ணில் பத்து நாட் காற்று இருக்கிறது, எத்தனை கிராமங்களை இரவோடு இரவாக வெளியேற்றுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

என் முதல் பெரிய தவறை உங்களிடம் சொல்கிறேன். பணியில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு, ஒரு டிசம்பர் இரவு. வங்கக் கடலின் தெற்கே ஒரு தாழ்வு மண்டலம் இருந்தது. அன்றைய செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது எட்டு கிலோமீட்டர். இன்று அது நான்கு கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது. இரவு இரண்டரை மணிப் படத்தில் அழகான, வட்டமான, நன்றாகக் குளிர்ந்த ஒரு மேகத்திரள் தெரிந்தது. அதன் நடுவில் பென்சிலால் புள்ளி வைத்தேன். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மேலே என்ன காற்று என்று பார்த்தாயாம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்த்திருந்தேன். உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆனால் படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். பொழுது விடிந்து சூரிய ஒளிப் படம் வந்தது. மேகத்திரளுக்குக் கிழக்கே, மேல்மேகமே இல்லாத வெட்டவெளியில், தாழ்ந்த மேகங்கள் நூல்கண்டு போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அதுதான் உண்மையான மையம். மேல்காற்று மேகத்தை மேற்கே தள்ளிக்கொண்டு போயிருக்க, சுழல் தன் இடத்திலேயே தங்கிவிட்டிருந்தது. தாழ்மேகங்களும் கடலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால் இரவு நேர அகச்சிவப்புப் படத்தில் அந்தச் சுற்று கடலோடு கடலாகக் கலந்துவிடுகிறது. நான் வைத்த புள்ளிக்கும் அந்த மையத்துக்கும் இடையே ஒரு டிகிரி தூரம். ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மதுரையிலிருந்து கடற்கரை வரை உள்ள தூரம். நல்ல வேளையாக அந்த மண்டலம் கடலிலேயே வலுவிழந்தது. அன்று முதல், படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகத்தோடு அதைப் பார்க்கிறேன்.

இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் வேறு வகைக் கண்கள் வந்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்கேட்டரோமீட்டர். இது தாழ்வான சுற்றுப்பாதையில் துருவம் நோக்கிப் பறந்தபடி கடலின் மீது நுண்ணலைத் துடிப்புகளை அனுப்பும். கண்மாயில் லேசான காற்று பட்டதும் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டு சிறுசிறு நெளிவுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலிலும் அதே கதைதான். சில சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த நெளிவுகள் காற்று கூடக்கூடப் பெருகி, நுண்ணலையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்தால் காற்றின் வேகத்தோடு திசையும் கிடைத்துவிடும். 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, 2016இல் சென்ற ஸ்கேட்சாட்-1, 2022 நவம்பர் 26 அன்று சென்ற ஓஷன்சாட்-3 என்று நம் நாடு இந்த வழியில் தொடர்ந்து நடந்துவந்திருக்கிறது. மேல்மேகத்தை ஊடுருவிக் கடல்மட்டத்துக் காற்றையே சொல்லும் கருவி என்பதால், மையம் எங்கே என்ற என் பழைய கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை இல்லை. ஆனால் இதற்கும் எல்லைகள் உண்டு. நம் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் அலைநீளத்தில் கனமழை குறுக்கிட்டால் அளவு கெட்டுவிடும். புயலின் நடுவிலோ மழைதான் அதிகம். மேலும் இது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓஷன்சாட் உலகக் கடல்கள் முழுவதையும் பார்த்து முடிக்க இரண்டு நாள் ஆகும், நமக்கு வேண்டிய நேரத்தில் நமக்கு வேண்டிய புயல் அதன் பார்வைப் பட்டைக்கு வெளியே விழுந்துவிடக்கூடும்.

இவற்றோடு, மேல்மேகத்துக்குக் கீழே மறைந்திருக்கும் மழைவளையத்தைக் காட்டும் நுண்ணலைப் படங்கள், கடல்மட்டத்தின் உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும் உயரமானிகள் எனப் பல உண்டு. உயரமானி எதற்கு என்று தோன்றலாம். வெதுவெதுப்பான நீர் விரிவடையும், அதனால் ஆழம் வரை வெப்பம் சேர்ந்துள்ள இடத்தில் கடல் சற்றே மேடாக இருக்கும். புயல் உருவாகக் கடலின் மேற்பரப்பு 26.5 டிகிரி அளவுக்காவது வெப்பமாக இருக்க வேண்டும் என்பது பாடநூலில் இருக்கும். ஆனால் புயல் கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரும்போது அந்த அடிநீரும் வெப்பமாகவே இருந்தால்தான் அது மேலும் வலுப்பெறும். ஒரே நாளில் காற்று 30 நாட் கூடிவிடும் திடீர் வலுப்பெறுதல், இன்றும் எங்கள் துறையின் கடினமான கணக்கு. நீங்கள் ஆய்வாளராக வரும்போது அந்தக் கணக்கு உங்களுக்காகக் காத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கணித்துவிடுகிறது என்று உங்கள் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. டிவோராக் முறையைத் தானாகச் செய்யும் மென்பொருள்கள் உண்டு. கணினி மாதிரிகள் புயலின் பாதையை முன்பைவிட மிக நன்றாகச் சொல்கின்றன. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே ஒடிசாவில் பைலின் புயல் கரையேறுவதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் நின்றது. மாதிரிகள் மேம்பட்டது இதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த மாதிரிகளுக்கு உண்ணக் கொடுப்பதும் செயற்கைக்கோள் தரவுதான். மென்பொருளும் நான் ஏமாந்த அதே வட்டமான மேகத்தில் ஏமாறக்கூடியது. நான்கு கருவிகள் நான்கு விதமாகச் சொல்லும்போது எதை, எந்த அளவுக்கு நம்புவது என்று ஒருவர் காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு போட்டி போடுவதற்காக நீங்கள் இந்தத் துறைக்கு வர வேண்டியதில்லை. அதைக் கேள்வி கேட்கத் தெரிந்தவராக வாருங்கள்.

படிப்பைப் பற்றி. உங்கள் பிரிவில் கணிதமும் இயற்பியலும் இருப்பதால் கதவு எதுவும் அடைபடவில்லை. இளநிலையில் இயற்பியல் எடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அதற்காக ஊரை விட்டுப் போக வேண்டியதும் இல்லை. அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, தியாகராசர், மதுரைக் கல்லூரி என மதுரையிலேயே நல்ல இயற்பியல் துறைகள் உள்ளன. வெப்ப இயக்கவியல், மின்காந்தவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய மூன்றையும் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். முதலாவது இல்லாமல் புயல் புரியாது, இரண்டாவது இல்லாமல் செயற்கைக்கோள் புரியாது, மூன்றாவது இல்லாமல் இரண்டுமே புரியாது. கூடவே பைத்தான் நிரல்மொழியை இப்போதே தொடங்கலாம், வீட்டில் கணினி இல்லாவிட்டால் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் தொடங்கலாம். முதுநிலைக்கு வளிமண்டல அறிவியல் பக்கம் திரும்ப வேண்டும். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியலுக்கு நெடுங்கால மரபு உண்டு. ஆய்வுப் படிப்புக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லி ஐஐடி, புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் ஆகியவற்றை மனத்தில் வையுங்கள். சிஎஸ்ஐஆர் நடத்தும் நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியல்களுக்குத் தனித் தாள் இருக்கிறது.

வேலைவாய்ப்பை மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்ட பெரிய துறை. இயற்பியல் பட்டதாரிகளை அறிவியல் உதவியாளர்களாக எடுக்கும் தேர்வு, 2017இலும் அடுத்து 2022இலும் ஆயிரத்தை ஒட்டிய இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. இடையில் ஐந்தாண்டு இடைவெளி என்பதையும் பாருங்கள். அறிவிப்பு வரும் ஆண்டை நம்பிச் சும்மா காத்திருக்கக் கூடாது, படிப்பைத் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கின்றன. காற்றாலை, காப்பீடு, கப்பல் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் இப்போது வானிலை படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இயற்பியல் பட்டம் கையில் இருந்தால் ஆசிரியப் பணியும் எங்கும் போய்விடாது, இதை மாமாவிடம் சொல்லலாம்.

இரவு வேலையைப் பற்றி உங்கள் வீட்டில் கவலைப்படுவது நியாயம். என் வீட்டிலும் கவலைப்பட்டார்கள். நேரடிக் கணிப்புப் பிரிவில் சேர்ந்தால் இரவுப் பணி உண்டு, புயல் காலத்தில் மணிக்கொரு அறிக்கை எழுத வேண்டி வரும். ஆய்வுப் பிரிவில் பெரும்பாலும் பகல் வேலைதான். நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன், இரவுப் பணியில்தான் தொழிலைக் கற்றேன். நர்சிங்கிலும் இரவுப் பணி உண்டு என்பதை உங்கள் மாமாவிடம் மரியாதையோடு நினைவூட்டுங்கள். இன்னொருவரைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் ஊர் வயலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துப் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, சி. வி. ராமனின் ஆய்வகத்தில் பணியாற்றி, இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். இந்தியாவுக்கு வேண்டிய வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்ததில் அவர் பங்கு பெரிது. தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்ற கண்டிப்பை எங்கள் தலைமுறை அவர் உருவாக்கிய மரபிலிருந்துதான் பெற்றது.

ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இந்த வேலையில் மனம் கனக்கும் நாட்கள் வரும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரிக்கு அருகே புயலாக வலுத்தது. ஒரு நாளுக்குள் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்தவர்களின் படகுகள் கரையிலிருந்து பேசினால் எட்டாத தூரத்தில் இருந்தன. படத்தில் சுழல் தெரிகிறது, அதற்குள் படகுகள் இருக்கின்றன என்றும் தெரிகிறது, சொல்ல வழியில்லை. அந்த நாட்களில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் யாரும் அதை மறக்கவில்லை. அதன் பிறகு, செயற்கைக்கோள் வழியாகவே ஆழ்கடல் படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி என்ற கருவி 2019இல் அறிமுகமானது. கணித்தால் மட்டும் போதாது, கணித்தது உரியவர் காதில் விழ வேண்டும் என்பதும் எங்கள் வேலையின் பகுதிதான் என்று நான் திடமாக நம்புகிறேன். ஆகவே தமிழை விட்டுவிடாதீர்கள். "நிகழ்தகவு" என்று பாடநூலில் படிப்பதை, பாம்பனில் வலை காயவைக்கும் ஒருவருக்குப் புரியும்படி எழுதத் தெரிந்த விஞ்ஞானிகள் நமக்குப் போதிய அளவில் இல்லை.

கல்லூரி வரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். இன்சாட் படங்களை வானிலைத் துறையின் இணையதளத்திலும் இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்திலும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், கைபேசி போதும். வரும் பருவத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானதும், தினமும் காலை எட்டரை மணிப் படத்தை எடுங்கள். வானிலைத் துறையினர் பயன்படுத்தும் உலக நேரக் கணக்கில் அது அதிகாலை மூன்று மணி, தாலுகா அலுவலகங்களில் மழைமானியைப் பார்ப்பதும் அதே நேரத்தில்தான். அறிக்கையை வாசிக்கும் முன்பே மையம் எங்கே என்று நீங்களாக முடிவு செய்து, அட்சமும் தீர்க்கமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏன் அங்கே என்று இரண்டு வரி எழுதுங்கள். எவ்வளவு உறுதி என்றும் எழுதுங்கள். அதன்பின் அறிக்கையைத் திறந்து அவர்கள் சொன்ன இடத்தைப் பக்கத்திலேயே குறித்து, வித்தியாசத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுங்கள். எழுதியதை அழித்துத் திருத்த வேண்டாம். அடுத்த தை மாதத்துக்குள் அந்த நோட்டில் இருபது முப்பது வரிகள் சேர்ந்திருக்கும். அவற்றைப் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுகிறேன்.